விரலுக்குத் தட்டாத வேலை

பாலிஷ்காரர் ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வார். நாற்காலிக் கையோ மேசை விளிம்போ, காயத்தை அடைத்த இடத்தின் மேல் ஆட்காட்டி விரலை மெதுவாக ஒரு தடவை கொண்டுபோவார், அப்படியே திருப்பிக் கொண்டுவருவார். விரலுக்கு எதுவும் தட்டக் கூடாது. தட்டினால் மறுபடி உப்புத்தாள், மறுபடி மெழுகு, மறுபடி பாலிஷ்.

"கண்ணு ஏமாந்துடும்ங்க. வெளிச்சம் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பினா ஏமாந்துடும், கலர் ஒத்துப்போனா ஏமாந்துடும். விரல் ஏமாறாது" என்பார், சாமான் வாங்க வந்தவர்களிடம்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே ஸ்பிரிட் வாசனையும் அரக்கு வாசனையும் சுவரோடு ஊறிக் கிடக்கும். மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் வெளியில் நிற்க வேண்டிய இடம். வீடு மாறும்போது லாரியில் இடிபட்ட பீரோக்கள், நாய் கடித்த நாற்காலிக் கால்கள், சூடான பாத்திரம் வைத்து வெள்ளையாகப் பூத்துப்போன மேசைகள், எல்லாம் அங்கே வந்து முறை வைத்துக் காத்திருக்கும். வேலையைத் தொடங்குமுன் அவர் உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்து, "ஆண்டவனே, கை கூசாம பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதற்கு மேல் பெரிய பிரார்த்தனை எதுவும் அவருக்குத் தெரியாது.

காயங்களில் இரண்டு ஜாதி என்பது அவர் கணக்கு. ஒன்று நசுங்கல். மரம் உள்ளே அமுங்கியிருக்கும், ஆனால் எங்கும் போகவில்லை. ஈரத்துணி போட்டு மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி உள்ளே இறங்கி, அமுங்கின நார் தூங்கி எழுந்த மாதிரி மெல்ல எழுந்து வரும். இன்னொன்று பள்ளம். அங்கே மரம் இல்லை, பெயர்ந்து போய்விட்டது. அதை எழுப்ப முடியாது. அடைக்கலாம், நிறம் கொடுக்கலாம், மூன்று மயிர் தூரிகையால் ரேகை வரைந்து பக்கத்து மரத்தோடு சேர்த்துவிடலாம். பார்க்கிறவருக்குத் தெரியாது. மரத்துக்குத் தெரியும்.

இரண்டிலும் சேராமல் சில வரும். உள்ளே உளுத்து, தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும். அவற்றை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது விறகு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். கொண்டுவந்தவர் முகம் விழுந்துபோகும். நேர்மையாகத்தானே சொன்னோம் என்று அவர் அடுத்த சாமானுக்குத் திரும்பிவிடுவார். சில நாள் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கும் அவர் மனைவியின் காதிலும் அந்த வார்த்தை விழுந்திருக்கிறது. போன வருஷத்திலிருந்து அவள் பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். முழங்கால் வலி என்றாள்.

அந்த வருஷம் மழை விடாமல் மூன்று வாரம் பிடித்தது. மழை ஈரத்தில் பாலிஷ் காயாது, வெளுத்துப் பூத்துவிடும். சந்தில் தண்ணீர் ஏறி, பட்டறையை மூன்று நாள் சாத்த வேண்டியதாயிற்று. அப்போதுதான் டீச்சரம்மா ஒருவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். தன் அம்மா வைத்திருந்த, முகம் பார்க்கிற கண்ணாடி மேசை, வீடு மாற்றும்போது இழுப்பறை முகப்பில் ஆழமாக வெட்டுப்பட்டுவிட்டதாம். கண்டவர் கையில் கொடுக்க மனசில்லையாம்.

அவர் உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் இருந்தது, பாலிஷ்காரர் கல்யாணமான வருஷம் ஒரு குப்பை மேட்டிலிருந்து தூக்கிவந்து உயிர் கொடுத்த மேசை. டீச்சரம்மா பேசிக்கொண்டே விளிம்பில் கையை வைத்தார். கை நின்றது. குனிந்து பார்த்தார்.

"என்னங்க இது, எலி கடிச்ச மாதிரி?"

பாலிஷ்காரர் எட்டிப் பார்த்தார். விளிம்பில் குறுக்காக ஒரு வெட்டு. கொஞ்சம் தள்ளி இரண்டு. அந்தக் கோடியில் மூன்று.

"உங்க வீட்டு மேசையையே நீங்க பாக்க மாட்டீங்களா?" டீச்சரம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். டீயைக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குக் காது மடல் சுட்டது. எழுந்து வீட்டைச் சுற்றிவந்து எண்ணினார். மேசையில் ஆறு. சமையலறையில் அடுப்பு வைத்திருக்கும் பலகையில் ஐந்து. அலமாரித் தட்டில் இரண்டு. சமையலறைக்கு இறங்கும் இரண்டு படிக்கு முன்னால், கதவு நிலையில் மூன்று. கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் ஒன்று. மொத்தம் பதினேழு.

"ஏம்மா, இங்க வா. இது என்ன?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எது?"

"கண்ணுக்கு முன்னாடிதானே இருக்கு. இந்த வெட்டெல்லாம்."

"ஓ, அதுவா... வெங்காயம் நறுக்கும்போது கத்தி பட்டிருக்கும்."

"கதவு நிலையிலயும் வெங்காயம் நறுக்கினியா?"

அவள் சிரித்துவிட்டாள். "நறுக்கினா என்ன இப்போ? பாலிஷ்காரர் பொண்டாட்டிக்கு மரம் பாத்தா கை அரிக்குது."

"சிரிக்காத. ஊர்ல இருக்கிற காயத்தையெல்லாம் ஆத்துறேன், என் வீட்டுல வந்து ஒருத்தி எலி கடிச்சதான்னு கேக்குறா. மானம் போகுது."

"போனா போகட்டும். நம்ம வீட்டுக்கு யார் வந்து தடவிப் பாக்கப்போறா? அது பாட்டுக்கு இருக்கட்டுமே." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பும்போது கதவில் தோளை இடித்துக்கொண்டாள்.

"கண்ணு தெரியலையா உனக்கு? பாத்துப் போ" என்றார் அவர். இரண்டு மூன்று வருஷமாகத் தினம் ஒரு தடவையாவது சொல்கிற வார்த்தை. தம்ளரைத் தட்டிவிட்டால் அது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டால் அது. எல்லார் வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான்.

அந்தத் திங்கட்கிழமை அவள் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினாள். தங்கச்சிக்கு உடம்பு முடியவில்லையாம், ஆறு நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். பஸ் ஏற்றிவிடும்போது, "மேசையைப் போட்டு நோண்டாதீங்க, என்ன? நான் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அதைக் கேட்டபோதுதான் அவருக்கு அந்த யோசனையே வந்தது. முப்பது வருஷத்தில் அவளுக்கென்று தன் கையால் ஒரு வேலை செய்ததில்லை. அவள் வருவதற்குள் வீட்டைப் பளிங்கு மாதிரி ஆக்கிவைத்துவிட வேண்டும். அவளும் அசந்துபோகட்டும், டீச்சரம்மா திரும்பி வந்தால் அவரும் அசந்துபோகட்டும்.

ஒருவருக்கு நல்லது செய்யப் புறப்படும்போது முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது எவ்வளவு சின்ன வேலை! அதைத்தான் நாம் எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

மறுநாள் காலையில் கீழ் வீட்டு இஸ்திரிக்காரம்மாவிடம் பெட்டி கேட்கப் போனார். மேசை மேல் நசுங்கலும் நாலைந்து இருந்தன. அவற்றை ஆவி கொடுத்து எழுப்ப வேண்டும்.

"பெட்டி எதுக்கு அண்ணே? சட்டையா? குடுங்க, நானே போட்டுத் தர்றேன்."

"சட்டை இல்லம்மா. மேசைக்கு. உங்க அக்கா கத்தியை வெச்சு வீடு பூரா கொத்தி வெச்சிருக்கா. வர்றதுக்குள்ள எல்லாத்தையும் அடைச்சுடப்போறேன்."

இஸ்திரிக்காரம்மா கையிலிருந்த துணியை மடிக்காமல் நின்றாள். "எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

"அக்கா வந்தப்புறம் செய்யலாமே அண்ணே. என்ன அவசரம்?"

"வந்தப்புறம் செஞ்சா அதுல என்ன இருக்கு? நீயும் அவ மாதிரியே சொல்றியே."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பெட்டியின் ஒயரைச் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். "சூடு ஜாஸ்தி, பாத்து" என்று மட்டும் சொன்னாள். அவர் படியேறும் வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் வேலை. ஈரம் போகவேண்டும் என்று அடுப்பைக் கொளுத்தி வைத்து அறையைச் சூடாக்கிக்கொண்டார். ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. இரண்டு முட்டையை வேகவைத்து ரொட்டியோடு தின்றுவிட்டு உட்காருவார். ஒவ்வொரு வெட்டையும் ஊசிமுனையால் சுத்தம் செய்தார். மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பட்டி வைத்தார். அது இறுகியதும் அரக்கை உருக்கிச் சூட்டுக் கத்தியால் இழுத்தார். உப்புத்தாள் போட்டார், நிறம் கொடுத்தார், ரேகை வரைந்தார்.

வேலையில் இருக்கும்போது ஒன்று அவர் கண்ணில் பட்டது. கை தவறிய கத்தி மரத்தின் மேல் சறுக்கிக்கொண்டு ஓடும், வால் வைத்த கோடு விழும். இவை அப்படி இல்லை. எல்லாம் குறுக்கே, நிதானமாக, ஒரே ஆழத்தில், இடுப்பு உயரத்துக்கு மேலும் கீழும் போகாமல் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக வேறு. யாரோ அழுத்திப் பிடித்து, வேண்டுமென்று வெட்டின வெட்டு. 'இதென்ன விசித்திரமா இருக்கே' என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே அடைத்தார். அவருடைய தொழில் கண் பார்த்துவிட்டது, வீட்டுக் கண் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கடைசி ரேகையும் காய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு மேசையைச் சுற்றிவந்தார், அடுப்புப் பலகையைத் தடவினார், கதவு நிலையைத் தடவினார். விரல் தண்ணீர் மேல் போவது மாதிரி போயிற்று. பதினேழில் ஒன்று கூடத் தட்டவில்லை. "ஆண்டவனே, நல்லா வந்துடுச்சு" என்று வாய்விட்டுச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வந்து இறங்கினாள். பையை அவர் வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் தூங்காதவள் போல முகம் வெளிறியிருந்தது. தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, "இருக்கா" என்றாள். வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம் போல மேசை விளிம்பில் கை வைத்து நடந்தாள். அவர் பின்னால் நின்றார்.

கை விளிம்போடு போயிற்று. கோடி வரைக்கும் போயிற்று. நின்றது. மறுபடி தொடங்கின இடத்துக்கு வந்தது. மறுபடி போயிற்று.

"மேசையை மாத்திட்டீங்களா?"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அதே மேசைதான். எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடி பாப்போம்."

அவள் விளிம்பை மூன்றாம் முறை தடவினாள்.

"சமையலறையையும் போய்ப் பாரு. ஒண்ணு கூட உன்னால கண்டுபிடிக்க முடியாது. பந்தயம்."

"எல்லாத்தையும் அடைச்சுட்டீங்களா?" அவள் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. பிறகு, "நல்லாருக்கு" என்றாள். "நல்லா செஞ்சிருக்கீங்க. இருங்க, டீ போடுறேன்."

கதவு நிலையைத் தடவிக்கொண்டு போனவள் படியில் கால் இடறி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். 'களைப்பு' என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலறல்.

அவர் ஓடினார். தம்ளர் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, பலகையின் மேலும் அவள் இடது கையின் மேலும் கொதிக்கிற டீ கொட்டியிருந்தது. பயத்தில் அவர் வாயில் வந்தது, பழக்கத்தில் வருகிற அதே வார்த்தைதான்.

"கண்ணு தெரியலையா உனக்கு?"

அவள் கையை உதறவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா. தெரியல."

முதலில் அவருக்குப் புரியவில்லை. எதிர்த்துப் பேசுகிறாள் என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு தான் அடைத்து மெருகேற்றிய பலகையைப் பார்த்தார். இடுப்பு உயரத்தில் குறுக்காக, நிதானமாக வெட்டின வெட்டுகள் ஒவ்வொன்றாக அவர் மனசில் திரும்ப விழுந்தன.

அவள் கையைக் குழாயில் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எப்போலேர்ந்து?"

"மூணு வருஷம் இருக்கும். கண்ணுக்குள்ள அழுத்தமாம். நரம்பு கொஞ்சம் கொஞ்சமா சாகுதாம். முதல்ல பக்கவாட்டுல தெரியாமப் போச்சு. அப்புறம் குழாய் வழியா பாக்குற மாதிரி ஆச்சு. அந்தக் குழாயும் சின்னதாகிட்டே வருது."

"தங்கச்சிக்கு உடம்பு முடியலன்னியே."

"அவளுக்கு ஒண்ணுமில்ல. அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அவதான் கூட்டிட்டுப் போனா. வலது கண்ணு முடிஞ்சுபோச்சுன்னுட்டாங்க. இடதுல ஒரு காசு அளவுக்கு இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை... தினம் என் மூஞ்சியப் பாத்துத்தானே பேசுவ? நல்லாத்தானே பாத்த?"

"நேரா பாத்தா தெரியுமே. அதனாலதான் நீங்க பேசும்போதெல்லாம் உங்க மூஞ்சியவே பாத்துட்டு நிப்பேன். பக்கத்துல திரும்பினா உங்களத் தேடணும்." வலியோடு வலியாக அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. "ஏதோ இந்த வயசுலயும் ஆசையாப் பாக்குறாளேன்னு நெனச்சிருப்பீங்க."

"நெனச்சேன்."

"அதுவும்தான்."

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டு அழுதார். அவள் ஈரக் கையால் அவர் தோளைத் தேடித் தொட்டாள்.

"ஏன் சொல்லல?"

அவள் மற்றக் கையால் குழாயைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் சொன்னாள். "பட்டறையில நாற்காலியைத் தட்டிப் பாத்து ஒரு வார்த்தை சொல்வீங்களே. சரிபண்ண முடியாததைப் பாத்து. எனக்கு அந்த வார்த்தை பயம்."

அவர் திரும்பினார். "உன்னைப் பாத்து நான் அப்படிச் சொல்வேனா? மரத்தைத்தானே..."

"சொல்ல மாட்டீங்க. ஆனா தட்டிப் பாப்பீங்க. அதைக் கூட என்னால தாங்க முடியாதுன்னு தோணுச்சு. அதான் நானே வழி பண்ணிக்கிட்டேன். நீங்க ஏழு மணிக்குப் போனப்புறம் கத்தியை எடுத்துக்குவேன். ஒரு வெட்டுன்னா அடுப்பு. ரெண்டுன்னா தம்ளர் வைக்கிற இடம். மூணுன்னா நில்லு, படி. காலை வேளையில கண்ணு கொஞ்சம் தேவலையா இருக்கும்போதே கத்துக்கிட்டேன். உங்களுக்குக் காயம்தானே தெரியும். அதான் நானும் அதுலயே எழுதினேன்."

வாசலில் இஸ்திரிக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். அலறல் கேட்டு வந்தவள், கையில் எண்ணெய்க் கிண்ணமும் பழந்துணியும் இருந்தன. "எண்ணெய் வேணாம், தண்ணிதான் நல்லதுன்னு சொல்றாங்க, எதுக்கும் எடுத்துட்டு வந்தேன்" என்றாள், யாரும் கேட்காமலே. பிறகு, "அண்ணே, நான் சொல்லியிருக்கணும். அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க" என்று அழ ஆரம்பித்தாள்.

"நீ வாக்கைக் காப்பாத்தினம்மா" என்றார் பாலிஷ்காரர். "பாக்க வேண்டியவன் நான்."

அடுத்த வாரம் அவர் பட்டறையைச் சாத்திவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டி, சொட்டு மருந்து, வேளை, அளவு எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு. இது நசுங்கலா, பள்ளமா?"

"என்ன கேக்குறீங்க?"

அவள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை. நசுங்கின மரத்தை எழுப்புகிற விதத்தையும் பெயர்ந்துபோன மரத்தை அடைக்கிற விதத்தையும் டாக்டரம்மாவுக்கு விளக்கினார். வெளியே வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் முழுசும் கேட்டார். கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார்.

"பள்ளம்தாங்க. போன மரம் வராது. மிச்சம் இருக்கிற மரத்தை நாள் கடத்திக் காப்பாத்தலாம். அதுக்குத்தான் இந்த மருந்து."

"அடைக்க?"

"அடைக்க ஒண்ணுமில்ல."

"சரிங்க" என்றார் அவர். அந்த டாக்டரம்மா நல்லாயிருக்கட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். தன் வார்த்தையிலேயே பதில் சொன்னதால், அது அப்படியே இறங்கி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்தார். அடைத்ததை எல்லாம் திரும்ப வெட்டிவிட வேண்டும், அவ்வளவுதானே! குனிந்து பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலைக் கொண்டுபோனார். ஒரு முறை, பத்து முறை. எங்கே அடைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அத்தனை சுத்தமாகச் செய்திருந்தார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"இடம் தெரியலம்மா." சின்னப் பிள்ளை சாமானைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி சொன்னார். "என் கையே என்னை ஏமாத்திடுச்சு."

அவள் எழுந்து வந்தாள். வாசலுக்குப் போய், அங்கிருந்து வழக்கம் போல நடந்து வந்தாள். நடக்கிற நடையில் கை தானாக மேசையில் விழுந்தது. "இங்க" என்றாள். அவள் விரல் பக்கத்தில் அவர் உளியை வைத்தார்.

அடிக்கக் கை வரவில்லை. முப்பது வருஷமாக மூடிக்கொண்டே வந்த கை. நல்ல மரம், ஒரு குறையும் இல்லாத விளிம்பு. உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். "ஆண்டவனே, கை கூசாம பாத்துக்கோ" என்றார். அடித்தார்.

முதல் வெட்டைப் பழக்க தோஷத்தில் இரண்டு பக்கமும் சரித்து, உப்புத்தாள் போட்டு, மழமழவென்று ஆக்கிவிட்டார். அவள் தடவிப் பார்த்தாள்.

"இது உங்க கை. வழுக்கிட்டுப் போகுது. எனக்குக் கொஞ்சம் குத்தணும்."

"குத்தினா வலிக்குமே."

"வலிச்சாத்தான் நிப்பேன்."

அதற்கப்புறம் அவர் உப்புத்தாளை எடுக்கவில்லை. அவள் நடப்பாள், நிற்பாள், கை வைப்பாள், அவர் வெட்டுவார். அடுப்புக்கு ஒன்று. தம்ளருக்கு இரண்டு. படிக்கு மூன்று. மத்தியானம் வரை அந்த வீட்டில் பேச்சை விட உளிச் சத்தமே அதிகம் கேட்டது. நடுவில் அவள் நடந்து வந்து ஒரு இடத்தில் கை வைத்துவிட்டு, "இல்ல, இது இல்ல" என்று திரும்பப் போய் மறுபடி நடந்து வந்தாள். நாலு தடவை அப்படிச் செய்தாள். நாலாவது தடவையும் நிச்சயமில்லாமல் நின்றபோது அவர், "மெதுவா, மெதுவா. எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்" என்றார். பதினேழும் முடிந்தபோது மேசை பார்க்கச் சகிக்கவில்லை.

மழை விட்டு ஒரு வாரத்தில் டீச்சரம்மா திரும்பி வந்தார். தன் மேசையை வேறு எங்கோ கொடுத்துப் பார்த்தாராம், அவர்கள் அடைத்த இடம் கறுத்துத் திட்டாகத் தெரிகிறதாம். உட்கார்ந்ததும் அவர் கை விளிம்புக்குப் போயிற்று. முன்னை விட ஆழமான, புது மரம் தெரிகிற வெட்டுகள்.

"ஐயோ, இது யார் பண்ண வேலை?"

"நான்தாங்க" என்றார் பாலிஷ்காரர்.

டீச்சரம்மா ஏதோ கேட்கப் போனார். அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி டீயோடு வந்தாள். நிலையில் மூன்று வெட்டைத் தடவி நின்று படி ஏறினாள். மேசை விளிம்பில் இரண்டு வெட்டு தட்டும் வரை விரலால் நடந்து, அதற்கு நேராகத் தம்ளரை வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. டீச்சரம்மா அவள் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, காலித் தம்ளரை எடுத்த இடத்திலேயே, இரண்டு வெட்டுக்கு நேராக, சத்தம் கேட்கும்படி வைத்தார்.

"நாளைக்குக் கண்ணாடி மேசையை அனுப்புறேன். நீங்க எப்போ குடுத்தாலும் சரி."

அந்த மாதிரி மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் உலகம் கொஞ்சமாவது பொறுக்கும்படி இருக்கிறது.

ஆனால் மருந்து மருந்தாகவே இருந்தது. காசு அளவு, பட்டாணி அளவாயிற்று. அவள் அவர் முகத்தைப் பார்க்க இப்போது கிட்ட வர வேண்டியிருந்தது. சில காலையில் மூக்கு மட்டும் தெரிகிறது என்பாள். சில காலையில் அதையும் சொல்ல மாட்டாள். அவர் வேலைக்குக் கிளம்புமுன் சொட்டு மருந்து விட்டுவிட்டு, அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஐந்து நிமிஷமும் தானும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிரார்த்தனையா என்று ஒரு நாள் கேட்டாள். தெரியாது, சும்மா உட்கார்ந்திருக்கேன் என்றார்.

ஒரு நாள் காலையில் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோது அவர் கட்டை விரலில் என்னவோ குத்தியது. அவர் எப்போதும் உட்கார்கிற இடத்துக்கு நேராக, மேசை விளிம்பில் ஒரு வெட்டு. உளி வெட்டு இல்லை, கத்தி வெட்டு. கோணலாக, பாதியில் நழுவி, மறுபடி போட்டு, மறுபடி நழுவி. முன்பு நிதானமாக வெட்டின அதே கைதான். எவ்வளவு நேரம் போராடியிருப்பாள் என்று மரத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்தது. எண்ணிப் பார்த்தார். இதோடு பதினெட்டு.

கை தானாகச் சட்டைப் பையிலிருந்த மெழுகுக் குச்சிக்குப் போயிற்று. பாதியில் நின்றது.

"இங்க ஒண்ணு புதுசா இருக்கே. இங்க அடுப்பும் இல்ல, படியும் இல்ல. இது எதுக்கு?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இருக்கட்டும்" என்றாள். "அது நீங்க உக்கார்ற இடம்."

"நான்தான் பேசுவேனே. சத்தம் கேக்குமே."

"பேசாம உக்காந்திருப்பீங்க. எனக்குத் தெரியும். மூஞ்சியும் போயிட்டா அப்புறம் எங்கன்னு தேடுறது?"

அவர் குனிந்து அந்த வெட்டைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சிலாம்பு ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தேடி வருகிற விரலில் ஏறிவிடும். உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்து, நகத்தளவு மடித்து, சிலாம்பை மட்டும் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலைக் கொண்டுபோனார். பள்ளம் தட்டியது. அங்கேயே விரலை வைத்துக்கொண்டு, அவள் படியேறி வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.